ஹில்க்காவின் அழுக்கு விரிப்பு

ஹெல்சிங்கி துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் பயணிகள் தகவல் நிலையத்தில் ஹில்க்கா மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள். நான் அங்கே தரை துடைப்பவள். அவள் எதையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. கோடை வெயில், புதிய நூலகம், தன் கணவர் எல்லாமே அவளுக்குப் "பரவாயில்லை". இங்கே எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் எல்லோரும் வெளியூர்க்காரர்களிடம் பேசிச் சம்பளம் வாங்குவதில்லை.

இந்த வருடம் வாசலில் ஒரு கம்பம் நட்டு, வந்து போகிறவர்கள் திருப்தியா இல்லையா என்று அழுத்திச் சொல்ல, முகம் போட்ட பொத்தான்களை வைத்தார்கள். சிரிக்கிற பச்சை முகம் ஒரு பக்கம், முறைக்கிற சிவப்பு முகம் மறுபக்கம். மேலாளர் சான்டெரி சின்ன வயதுக்காரன்.

"மாசக் கடைசிக்குள்ள பச்சை கூடலேன்னா இந்த மேசையை எடுத்துட்டுத் தொடுதிரை வெச்சிடுவாங்க, ஹில்க்கா. கொஞ்சம் சிரிச்சாத்தான் என்ன?"

"சிரிச்சிட்டுத்தானே இருக்கேன்."

அவன் அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். "எப்போ?"

ஓய்வூதியத்துக்கு அவளுக்கு இன்னும் சில வருடம் இருந்தது. அந்த வயதில் வேறு யாரும் வேலை தரமாட்டார்கள். மதியம் கருப்பு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல் கப்பல்களைப் பார்த்தாள்.

சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் ஊர் பார்க்கச் சொல்லித்தருவதுதான் எங்கள் நிலையத்தின் பெருமை. பாட்டில் தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், "குழாயில பிடிங்க" என்பாள். ஒருவர் உருக்கமாகக் கேட்டார்: "இந்த ஊருக்கு எந்தக் கெடுதலும் பண்ணாம இருக்க நான் என்ன செய்யணும்?"

"வராம இருந்திருக்கலாம். வந்துட்டீங்க. டிராம்ல போங்க."

சிவப்பு.

பிறகு ஹாலந்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். "சனிக்கிழமையில நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"தரை விரிப்பு துவைப்பேன். கடலோரத்துல அதுக்குன்னு துறை இருக்கு."

"நாங்களும் வரலாமா?"

ஹில்க்காவுக்குப் பொய் வராது. "வரக்கூடாதுன்னு சட்டம் இல்ல."

வந்துவிட்டார்கள். கந்தல் துணியில் நெய்த அவளுடைய நீள விரிப்புகளை, பைன் சோப்புப் போட்டு முழங்காலில் நின்று தேய்த்தார்கள். கடைசியில் ஹில்க்கா பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றினாள். திங்கட்கிழமை அவர்கள் வந்து பச்சை முகத்தை மாறி மாறி அழுத்தினார்கள். ஊர் முழுக்கச் சொல்லியும் இருந்தார்கள். அடுத்த வாரம் வருகிறவர்களெல்லாம் விரிப்பு துவைக்க வேண்டும் என்றார்கள்.

"அழுக்கு விரிப்பு தீர்ந்துபோச்சு" என்றாள் ஹில்க்கா. மறுபடி சிவப்பு.

சான்டெரி ஓடிவந்தான். "துவைச்சதையே திரும்பத் துவைங்களேன்!"

"சுத்தமான விரிப்பைத் துவைச்சுக் காட்டிட்டு, தண்ணியை வீணாக்காதீங்கன்னு சொல்லவா?"

"அப்போ மண்ணுல போட்டுப் புரட்டுங்க."

அவள் பார்த்த பார்வையில் அவன் காப்பி குடிக்கப் போய்விட்டான். மாசக் கடைசிக்கு ஒரு சனிக்கிழமைதான் மிச்சம். ஹில்க்கா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். வாசலிலிருந்து அவள் மேசை வரை ஒரு நீள விரிப்பு கிடந்தது. கோடை முழுக்க எல்லா நாட்டுக் காலும் அதில்தான் நடந்தது.

"இதை எப்போ துவைச்சே?" என்று என்னைக் கேட்டாள்.

"துவைக்கச் சொல்லி யாரும் சொல்லல. நீயும் சொல்லித் தொலைக்காதே."

சனிக்கிழமை அதைச் சுருட்டி, வெளியூர்க்காரர்கள் வரிசையாகத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். துறையில் விரித்ததும் ஹில்க்கா சொன்னாள்: "இது நீங்க கொண்டுவந்த அழுக்கு." யாருக்கும் கோபம் வரவில்லை. தண்ணீர் கறுத்து ஓடியதைப் படம் எடுத்தார்கள்.

மாசக் கடைசியில் சான்டெரி வந்தான். "மேசை இருக்கும்! நீங்களும் இருப்பீங்க, வருஷம் முழுக்க! சந்தோஷமா?"

"பரவாயில்லை."

அன்று மதியம் ரொட்டியை முழுசாகத் தின்றாள். மழை பெய்துகொண்டிருந்தது. ஒரு பயணி கதவைத் திறந்தவர், வெளுத்த விரிப்பைப் பார்த்துத் தயங்கிச் சேற்றுக் காலணியைக் கழற்றக் குனிந்தார்.

"கழட்டாதீங்க" என்றாள் ஹில்க்கா. "அப்படியே வாங்க."