அமரெச்சின் இரண்டு பிறந்த வருடங்கள்

எங்கள் ஆய்வகத்தில் கோபக்காரி என்ற பட்டம் எனக்குத்தான். அமரெச்சுக்கு அதில் பங்கே கிடையாது. கண்ணாடிக் குடுவை கீழே விழுந்து நொறுங்கினாலும் "ஐயோ பாவம்" என்று குடுவைக்காக வருத்தப்படுகிற ஜாதி அவள். அப்படிப்பட்டவளைப் பொய்க்காரி என்று ஓர் அறக்கட்டளை எழுதிவிட்டது. அன்று எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது.

அமரெச் ஷிப்ரு, குராகே வட்டாரத்துக் கிராமத்துப் பெண். அடிஸ் அபாபாவுக்குத் தெற்கே இருக்கும் ஹவாசா நகரில் எங்களோடு ஆய்வக உதவியாளராக வேலை பார்த்துக்கொண்டே முதுநிலைப் படிப்பை முடித்தவள். அவளுக்கு உலகத்தில் ஒரே செடிதான் உண்டு: என்செத். பார்க்க வாழைக்கு அக்காள் மாதிரி இருக்கும், ஆனால் பழத்துக்காக யாரும் வளர்ப்பதில்லை. தண்டையும் கிழங்கையும் சுரண்டி, குழியில் புதைத்துப் புளிக்கவைத்து, கோச்சோ ரொட்டி சுடுவோம். வீட்டைச் சுற்றி என்செத் நிற்கிற குடும்பம் பஞ்சத்துக்குப் பயப்படாது. அமரெச்சின் அம்மா தோட்டத்திலோ வாடல் நோய் புகுந்து, அவள் பள்ளியில் படிக்கும்போதே வரிசை வரிசையாகச் செடிகளைச் சாய்த்துவிட்டது. கோச்சோவைச் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிற நிலைமை வந்ததும் அவள் அம்மா கூடையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாராம்.

அத்தனை செடி செத்தும் ஒரே ஒரு ரகம் மட்டும் சாகாமல் நின்றது. ஏன் நின்றது என்பதுதான் அமரெச்சின் முனைவர் பட்ட ஆய்வு. படிக்கப் பணம் வேண்டுமே. அவள் தட்டாத கதவு இல்லை. ஒரு நிறுவனம் வெளிநாட்டுப் பேராசிரியர் கையெழுத்து வேண்டும் என்றது. இன்னொன்று நெல், கோதுமை என்றால் சரி என்றது. மூன்றாவது புண்ணியவான்கள் இரண்டே வருடத்தில் முடிவு கேட்டார்கள். செடி வளர்ந்து ஆளாகவே அதைவிட அதிக காலம் பிடிக்கும்!

கடைசியாக நைரோபியில் இருக்கும் ஓர் அறக்கட்டளையின் அறிவிப்பு வந்தது. ஆப்பிரிக்க இளம் விஞ்ஞானிகளுக்கு முழு உதவித்தொகை, ஆய்வுச் செலவு தனி. முப்பத்தைந்து வயது நிறையாதவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். அமரெச்சுக்கு முப்பத்து நான்கு. அடுத்த வருட அறிவிப்பு வரும்போது அவளுக்கு வயது தாண்டியிருக்கும். இதை விட்டால் அவ்வளவுதான்.

விண்ணப்பித்தாள். பதில் வந்தது: "நீங்கள் பிறந்தது 1990 என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பள்ளிச் சான்றிதழில் 1983 என்று இருக்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. தேவையென்றால் தேர்வுக் குழுவிடம் இணையவழியில் விளக்கம் தரலாம்."

படித்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் நாட்டுக் கணக்கில் வருடம் உலகத்தைவிடப் பின்னால் ஓடும்: செப்டம்பரில் வரும் எங்கள் புத்தாண்டுக்கு முன்பு எட்டு வருடம், பின்பு ஏழு. சான்றிதழில் எங்கள் கணக்கு, விண்ணப்பத்தில் அவர்கள் கணக்கு. இது எங்கள் கணக்கு என்று சான்றிதழில் ஒரு வார்த்தை போட்டிருக்க வேண்டும். பள்ளியிலும் யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை, சரிபார்த்துக் கொடுத்த எனக்கும் தோன்றவில்லை. 1983 என்றால் 1983தானே! மூச்சு விடும்போது யார் எண்ணுகிறார்கள்?

"பாஸ்போர்ட்ல அவங்க கணக்குலதானே வருஷம் இருக்கும், அதைக் காட்டிடு," என்றேன்.

"பாஸ்போர்ட்டா? நான் அடிஸ் அபாபாவையே ரெண்டு தடவைதான் பாத்திருக்கேன் தெனாயே அக்கா."

"அப்போ நான் பேசறேன். வயசைக் குறைச்சுச் சொல்ல நீ என்ன சினிமா நடிகையான்னு நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி கேக்கறேன்."

"அக்கா, உங்களைக் கும்பிடறேன், நீங்க கேமராவுக்குப் பின்னாடியே இருங்க."

குழுவிடம் விளக்கம் சொல்ல வேண்டிய காலையில் அவள் முகத்தில் ஈயாடவில்லை. திரையில் மூன்று பேர் வந்தார்கள். நடுவில் தலைவர், கானாக்காரப் பேராசிரியர் எஃபுவா அம்மா. அவருக்குப் பக்கத்தில் ஓர் ஒல்லி மனிதர், சிரிப்பைப் பூட்டிச் சாவியைத் தொலைத்தவர். மூன்றாவது ஆள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

அமரெச் எங்கள் நாட்காட்டியைப் பற்றி ஆரம்பித்தாள். பதற்றத்தில் பதின்மூன்றாம் மாதத்தைச் சொன்னாள், செப்டம்பரில் வரும் புத்தாண்டைச் சொன்னாள். சொல்லச் சொல்லச் சிக்கல் கூடியது.

"பதிமூணு மாசமா?" என்றார் ஒல்லி மனிதர். "கேள்விப்பட்டிருக்கேன். ஆனா ஆதாரம்னு எதையாவது காட்டணுமே."

அமரெச் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். "அக்கா! இன்னைக்குப் பேப்பர்!"

ஓடினேன். வாசலில் காவலாளி வறுத்த பார்லியைக் கொறித்தபடி விளையாட்டுப் பக்கத்தில் மூழ்கியிருந்தார். கேட்கக்கூட இல்லை, பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். "அடிப்பாவி, கோல் யார் போட்டான்னே இன்னும் படிக்கலையே!" என்று அவர் கத்தியது மாடிவரை கேட்டது.

அமரெச் முதல் பக்கத்தைக் கேமராவுக்கு முன்னால் விரித்தாள். "இது இன்னைக்குக் காலையில வந்த பேப்பர் ஐயா. நேத்து இங்கே நடந்த பந்தயம் இதுல இருக்கு. மேல வருஷம் என்ன போட்டிருக்குன்னு பாருங்க."

ஒல்லி மனிதர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "ரெண்டாயிரத்துப் பதினேழு."

"ஆமா. நீங்க எனக்கு எழுதின கடிதத்துல 2025 போட்டிருக்கு. எங்க ஊர்க் கணக்குப்படி அந்தக் கடிதத்தை நீங்க இன்னும் எழுதவே இல்லை. என் மேல உங்களுக்குச் சந்தேகம் வர இன்னும் எட்டு வருஷம் இருக்கு. நான்தான் மரியாதைக்கு முன்னாடியே வந்து பதில் சொல்றேன்."

 போச்சு, வாய்க்கொழுப்பு என்று நினைக்கப்போகிறார்கள் என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். பிறகு எஃபுவா அம்மா மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அடியே பொண்ணே! நான் உங்க ஊருக்கு வந்தா எனக்கும் எட்டு வயசு குறையுமா?"

"வாங்கம்மா. விமானத்தை விட்டு இறங்கும்போதே குறைஞ்சுடும். அப்புறம் எங்கம்மா கோச்சோ போட்டு உங்க எடையை ஏத்திடுவாங்க."

ஒல்லி மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. "வயசு விஷயம் முடிஞ்சது, ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்க நாட்டை விட்டா வேற யாரும் சாப்பிடாத ஒரு பயிருக்கு நாங்க ஏம்மா பணம் போடணும்?"

அமரெச் பேப்பரை மடித்து வைத்தாள்.  செடி என்று வந்துவிட்டால் அவள் வேறு ஆள்.

"மக்காச்சோளம் ஒரு மழை தப்பினா போயிடும் ஐயா. என்செத் ரெண்டு வருஷம் மழை இல்லாட்டியும் நிக்கும். பசி எடுக்கறப்போ வெட்டிக்கலாம். எங்க நாட்டுல ரெண்டு கோடிப் பேரு இதை நம்பித்தான் இருக்காங்க. அது வாடல் நோயில சாகுது. எங்கம்மா தோட்டத்துல ஒரு ரகம் சாகலை. ஏன் சாகலைன்னு உலகத்துல யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உங்க விதிப்படி எனக்கு வயசு வரம்பு இருக்கு. அந்த நோய்க்கு இல்லை. குடுக்கறதா இருந்தா இப்பவே குடுங்க."

 ஒல்லி மனிதர் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார். "உங்க நாட்காட்டியைவிட உங்க வாய் வேகமா ஓடுதும்மா," என்றார். சாவி கிடைத்துவிட்டது போலிருக்கிறது, ஓரமாகச் சிரித்தார்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. முழு உதவித்தொகை. ஆய்வுச் செலவில் ஒரு காசு குறைக்கவில்லை. நான் அங்கேயே நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டேன். நுண்ணுயிர்ப் பிரிவுக்காரர்கள் ஓடி வந்து, "யாருக்குக் கல்யாணம்?" என்றார்கள். "கல்யாணமா? அதெல்லாம் யாருக்கு வேணும்னாலும் நடக்கும். இது எங்க அமரெச்சுக்கு மட்டும்தான் நடந்திருக்கு!" என்றேன். எனக்கு அப்படி ஒரு கர்வம். என் வயிற்றில் பிறந்தவள் ஜெயித்திருந்தால்கூட அவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேனா, தெரியாது.

காவலாளி உட்பட எல்லோரும் கட்டிப்பிடித்து, எங்கள் ஊர் வழக்கப்படி தோளோடு தோள் இடித்து வாழ்த்திய பிறகு, அமரெச் அம்மாவுக்குப் போன் போட்டாள். எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டோம்.

"அம்மா, கிடைச்சிடுச்சும்மா!"

"அப்போ இனிமே செடி சாகாதாடி?"

அமரெச் கொஞ்சம் தயங்கினாள். இவளுக்குப் பொய் சொல்ல வராது என்று நைரோபிக்காரர்கள் இப்போது வந்து பார்க்க வேண்டும்.

"அது தெரியலம்மா. செடி ஏன் சாகுதுன்னு கேக்கறதுக்குத்தான் காசு குடுத்திருக்காங்க."

 அந்தப் பக்கம் எங்கேயோ கோழி கொக்கரித்தது.

"கேக்கறதுக்கே காசா?" என்றார் அம்மா. "அப்போ நல்லா கேளுடி."