ஈரத்துணி போட்ட கம்ப்யூட்டர்

ராஜபாளையத்தில் சூடு பார்க்கத் தெரியாத ஆண்பிள்ளை கிடையாது. மோட்டார் ஓடினால் கை வைப்பார்கள், கிரைண்டர் ஓடினால் கை வைப்பார்கள், பஸ் நின்றுபோனால் இறங்கிப் போய் பானட்டில் கை வைப்பார்கள். வைத்துவிட்டுத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து 'ம்' என்பார்கள். அந்த 'ம்'முக்கு மேல் அப்பீல் இல்லை. இந்தக் கூட்டத்துக்குத் தலைமை நீதிபதி என் கணவர். ஸ்பின்னிங் மில்லில் காற்றுக்கு ஈரம் கொடுக்கும் பிளான்ட் அவர் பொறுப்பில் இருந்தது. காற்று காய்ந்தால் நூல் அறுந்துபோகும், ஈரம் அளவாக இருந்தால் மெஷின் ஒழுங்காக ஓடும். இந்த ஒரே உண்மையை வைத்து உலகம் முழுவதையும் நடத்திவிடலாம் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மதுரையில் ஒருவர் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்துக் கொடுத்தது. எனக்காகத்தான் வாங்கினார், அதை மறுக்கவில்லை. நான் தபால் வழியில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். ஒரு புராஜெக்ட் மட்டும் பாக்கி. கோடை விடுமுறைக்குள் அதை முடித்துக் கொடுத்தால், பள்ளி திறக்கும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்கு டீச்சர் வேலை. முடிக்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று அந்தப் பள்ளியின் தாளாளர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று நான் ஆசைப்பட்டது அந்த வேலை ஒன்றுக்குத்தான்.

சித்திரை வெயில் ஏறியதும் கம்ப்யூட்டர் படுத்த ஆரம்பித்தது. ஒரு நூலகத்தின் புத்தகங்களையெல்லாம் தேடித் தரும் புரோகிராம் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தேன். சும்மா தட்டச்சு செய்யும்வரை ஒன்றும் ஆகாது. ஆயிரக்கணக்கான பெயர்களை வரிசைப்படுத்தச் சொல்லி ஓடவிட்டால், பாதியில் திரை அப்படியே உறைந்துபோகும். எந்த விசையைத் தட்டினாலும் அசையாது.

கணவர் வந்து கை வைத்தார். எதில்? மானிட்டரின் தலையில். கம்ப்யூட்டர் என்றால் படம் தெரிகிற பெட்டி என்பதுதான் அவர் கட்சி. மேசைக்குக் கீழே இருந்த டப்பாவை ஸ்டெபிலைசருக்குத் தம்பி என்று நினைத்திருந்தார்.

"ஏட்டி, எம்புட்டு நேரமா ஓட்டுத? மாடுகூட ஏருல செத்த நேரம் நிக்கும். ஆப் பண்ணிப் போடு" என்றார்.

"சூடு அதுல இல்லங்க. கீழ இருக்குற டப்பாவுக்குள்ள புராசசர்னு ஒண்ணு இருக்கு. அதுதான் கணக்குப் போடுது, அதுதான் சூடாவுது" என்றேன்.

"டப்பாக்குள்ளயா?" என்று குனிந்து டப்பாவின் மேல்தகட்டில் கை வைத்தார். தகடு ஜில்லென்று இருந்தது. என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஓர் இரக்கம். உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஒரு சில்லு உள்ளே வெந்துகொண்டிருப்பது வெளித்தகட்டுக்கு எப்படித் தெரியும்? அடுப்பில் உலை கொதிக்கிறதா என்று வீட்டுச் சுவரைத் தொட்டுப் பார்ப்பாரா? கேட்டேன். அவர் மறுபடி மானிட்டரின் தலையில் கை வைத்து 'ம்' என்றார்.

மறுநாள் அவருடைய வைத்தியம் ஆரம்பமானது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு பேண்டேஜ் துணித் தறி. சல்லடை போன்ற அந்தத் துணிக்குப் பஞ்சமே இல்லை. ஒரு நீளத்தைத் தண்ணீரில் முக்கி, டேபிள் ஃபேனுக்கு முன்னால் கொடி கட்டித் தொங்கவிட்டு, ஃபேனை டப்பாவைப் பார்த்துத் திருப்பி வைத்தார். சுவரில், காற்றின் ஈரத்தை அளக்க மில்லில் இருப்பது போன்ற இரட்டை வெப்பமானி ஒன்று, ஒரு குமிழ் உலர்ந்தும் ஒரு குமிழ் ஈரத்துணி சுற்றியும். மில்லுக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் அதைப் பார்த்து, "ஈரம் நூத்துக்கு அறுபதுல நிக்கட்டும். பொறவு எந்த மெஷின் ஓடாதுன்னு பாப்போம்" என்பார். பட்டுச்சேலைக்கு மேல் மழைக்கோட்டு மாட்டிய கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது என் கம்ப்யூட்டர்.

ஈரக்காற்றில் அறை குளிர்ந்தது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் பாதியில் நிற்காமலும் ஓடியது. அந்த இரண்டு நாளும் அவர் மீசையைப் பார்த்திருக்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து முன்னைவிட மோசமாக உறைய ஆரம்பித்தது.

ஆன் செய்ததும் டெலிட் விசையை அழுத்திப் பிடித்தால் ஒரு நீலத் திரை வரும். புராசசர் எத்தனை டிகிரி, உள்ளிருக்கும் சின்ன ஃபேன் எவ்வளவு வேகம் என்று அது காட்டும். கம்ப்யூட்டர் உறைந்ததும் ஆறவிடாமல் உடனே திரும்ப ஆன் செய்து அதைப் பார்த்தேன். எழுபத்தெட்டு டிகிரி. அறுபதுக்குள் இருந்தால் நிம்மதி, எழுபதைத் தாண்டினால் கவலைப்படு என்று டிப்ளமோவின் நேர்முக வகுப்பில் சொல்லியிருந்தார்கள். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்ப்பதும் அரைகுறைதான். வீட்டின் வெப்பத்துக்கும் புராசசரின் வெப்பத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். வெயிலால் இரண்டும் சேர்ந்து ஏறினால் வெயிலைத் திட்டலாம். வீடு அப்படியே இருக்க, புராசசர் மட்டும் ஏறினால் கோளாறு உள்ளே. அவர் மாட்டிய வெப்பமானியிலேயே பார்த்தேன். ஈரத்துணியின் புண்ணியத்தில் வீடு குளிர்ந்திருந்தது, புராசசர் மட்டும் ஏறியிருந்தது.

அவரைக் கூப்பிட்டு நீலத் திரையைக் காட்டினேன்.

"இத யாரு சொல்லுதா?"

"கம்ப்யூட்டரே சொல்லுது."

"நோக்காட்டுல கெடக்குற மெஷினு தன்னப் பத்தித் தானே சொல்லுதத நம்பச் சொல்லுத!" என்று சிரித்தார். காய்ச்சல்காரன் 'உடம்பு கொதிக்குது' என்றால் டாக்டரும் இப்படித்தான் சிரிக்க வேண்டும் போலிருக்கிறது.

கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியது. ஓடவிட்டால் உறைகிறது, உறைந்தால் மறுபடி முதலிலிருந்து. சாப்பாடு இறங்கவில்லை. ஒரு காலை மில்லுக்குக் கிளம்பும்போது அவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "இந்த வருசம் போனாப் போகுது. அடுத்த வருசம் பாத்துக்கிடலாம். அந்த வேல என்ன ஓடியா போயிரும்?" என்றார். ஓடித்தான் போகும் என்று அவருக்கும் தெரியும். அப்படி ஒரு கோபம் எனக்கு அவர்மேல் அதுவரை வந்ததில்லை.

அவர் தெருமுனை திரும்பியதும் பிளக்கைப் பிடுங்கினேன். ஸ்க்ரூடிரைவரை எடுத்து டப்பாவின் பக்கத் தகட்டைக் கழற்றினேன்.

உள்ளே பார்த்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. புராசசரின் மேல் வெப்பத்தை வாங்கி வெளியே விடுவதற்காகச் சீப்புப் பற்கள் போல ஓர் அலுமினியக் கட்டி இருக்கும். அதற்கு மேல் சின்ன ஃபேன். பற்களே தெரியவில்லை. தெருவில் பறக்கிற பஞ்சு, தினமும் அவர் சட்டையில் வீட்டுக்கு வந்து உதறப்படுகிற பஞ்சு எல்லாம் உள்ளே போயிருந்தது. உலர்ந்த பஞ்சாக இருந்திருந்தால் பாதி தானே பறந்து வெளியே போயிருக்கும். ஈரத்துணிக் காற்றில் நனைந்து, படிந்து, காய்ந்து, மேலும் நனைந்து, கம்பளி மாதிரி தடித்துப்போயிருந்தது. சித்திரை மாதத்தில் புராசசருக்குக் கம்பளி போர்த்திவிட்டு, வாசலில் நின்று விசிறியிருக்கிறார் மகாராஜன்.

இடுக்கியால் பிய்த்து எடுத்தேன். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் பல் பல்லாகத் துடைத்தேன். ஃபேன் இறக்கைகளையும் துடைத்தேன். கொடியிலிருந்த ஈரத்துணியை அவிழ்த்து அடுப்படிக்கு எடுத்துக்கொண்டேன். பக்கத் தகட்டை மாட்டாமல் டேபிள் ஃபேனைத் தள்ளி வைத்து ஓடவிட்டேன். வரிசைப்படுத்தல் பல நாளுக்குப் பிறகு முழுசாக ஓடி முடிந்தது. உடனே அணைத்துத் திரும்ப ஆன் செய்து நீலத் திரையைப் பார்த்தேன். ஐம்பத்தொன்று. தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். மத்தியானம் முழுக்க ஓட்டினேன், ஒருதரம்கூட உறையவில்லை.

சாயங்காலம் அவர் வந்தார். அந்தப் பஞ்சுக் கம்பளியை அவர் கையில் கொடுத்தேன். என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? வெட்கப்படுவார் என்றா? ஒரு நுனியைக் கிள்ளி, இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவே வைத்து இழுத்து இழுத்து நாரின் நீளம் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "இது எங்க மில்லுப் பஞ்சு இல்ல. எங்க பஞ்சு இதவிட நீளம்."

"யாரு பஞ்சா இருந்தா என்ன, இப்பம் ஓடுது பாருங்க" என்றேன்.

பார்த்தார். திரையில் பெயர்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. முகத்திலிருந்த மில் அதிகாரி எங்கோ போய்விட்டார்.

"அப்பம் நெசமாவே வேலைக்குப் போயிருவியோ?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் துணி கட்டியதில் வஞ்சகம் இல்லை, அது சுத்தமான அறியாமை. ஆனால் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டபோது அவருக்குள் ஒரு நிம்மதியும் இருந்திருக்கிறது. வேண்டாம் என்று அவர் வாயால் சொல்ல வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் சொல்லிவிடும்.

"போவேன்" என்றேன்.

"பொறவு காலைல எனக்குச் சோறு கட்டுதது யாரு?"

"அரிசி எந்த டப்பாவுல இருக்குன்னு நாளைக்குக் காட்டித் தாரேன்" என்று சொல்லிவிட்டு, புராஜெக்டை அச்செடுக்க பிரிண்டரை ஆன் செய்தேன். அது போட்ட சத்தத்தில் அவர் அடுத்து என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.