அக்கா கேட்ட ஆறு மாதம்

கொடைரோடு ரயில் நிலையத்தில் அக்கா வந்து இறங்கிய காலையை நினைத்தால் எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது. வழக்கமாக விடுமுறைக்கு வரும்போது ஜெபமாலை, மாதா சுரூபம், பிள்ளைகளுக்கு மிட்டாய் என்று மடத்திலிருந்து இரண்டு கை நிறையச் சுமந்து வருவாள். அன்று ஒரே ஒரு துணிப்பை. நடைமேடையில் நின்று மலைப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏத்தா, இந்தத் தடவ நாள எண்ண வேணாம். ஆறு மாசம் வீட்டுல இருக்கப் போறேன்" என்றாள். மடத்துக்குப் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கன்னியர் மடத்தில் சேர்ந்தவள் அவள். எங்கள் ஊரில் பெண்ணை மடத்துக்குக் கொடுப்பதும் கல்யாணம் மாதிரிதான். பந்தல் உண்டு, பிரியாணி உண்டு, அழுகை உண்டு. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குத் தனி மரியாதை. எங்கள் அண்ணன், கூடப் பிறந்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். "வாங்க சிஸ்டர், சாப்டுங்க சிஸ்டர்" என்பார். வருடத்துக்கு ஒருமுறை அவள் வந்தால் புது விரிப்பு போடுவார்கள், கண்ணாடி டம்ளரை எடுப்பார்கள். அடுப்படிப் பக்கம் போனால், "உங்களுக்கு எதுக்கு சிஸ்டர் இந்த வேல?" என்று மதினி கையைப் பிடித்துக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைப்பார். பிறந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தே எழுந்து போனவள் என் அக்கா.

துறவற வார்த்தைப்பாடு கொடுத்து இருபத்தைந்து வருடம் முடித்த சிஸ்டர்களுக்கு அவர்கள் சபையில் ஓர் ஓய்வாண்டு கொடுப்பார்கள். பள்ளிக்கூட வேலை, விடுதிப் பொறுப்பு எதுவும் இல்லாமல் ஜெபத்திலும் தனிமையிலும் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதற்காக. சிலர் எருசலேம் போனார்கள், சிலர் பெங்களூரில் வேதாகமம் படிக்கப் போனார்கள். அக்கா பிறந்த வீட்டைக் கேட்டாள். அவர்களுடைய மதர் யோசித்து முதல் ஆறு மாதத்துக்கு அனுமதி கொடுத்தார். "எருசலேம விட்டுட்டு இந்தப் பொட்டக்காட்டுக்கா வந்த?" என்று கேட்டேன்.

"இயேசுசாமி ஊரூரா அலஞ்சது மூணு வருசந்தான்டீ. முப்பது வருசம் நாசரேத்துல, வீட்டுலதான இருந்தாரு. எனக்கு அந்த முப்பது வருசம் தெரியவே தெரியாது. மணியடிச்சா எந்திரிச்சு, மணியடிச்சா ஜெபம் பண்ணியே பழகிட்டேன். மணி இல்லாத வீட்டுல ஆண்டவர் எனக்குத் தட்டுப்படுறாரான்னு பாக்கணும்" என்றாள். நானும் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள்தான். ஆனால் இப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததே இல்லை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எங்கள் வீட்டில் அது ஒரு வாரம் ஓடியது. அதற்குள் அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். விடியுமுன் திராட்சைப் பந்தலுக்குள் நுழைந்து, கொடியை இழுத்துக் கட்டிக்கொண்டே வாய்க்குள் வேதத்துச் சங்கீதம் சொல்வாள். பந்தலில் நோய்க்கு மருந்தாக அடித்த மயில்துத்தக் கறை மடத்து உடுப்பில் நீலமாகப் பிடித்துக்கொண்டது. அதனால் எங்கள் அம்மாவின் பெட்டியைத் திறந்து, பழைய சின்னாளப்பட்டிச் சுங்குடி ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள். மதரிடம் முன்பே கேட்டிருந்தாள், வேலை நேரத்தில் சாதாரணச் சேலை கட்ட அனுமதி உண்டு.

ஊருக்கு அந்த அனுமதி தெரியாது. மடத்துப் பெண் பத்து நாளுக்கு மேல் வீட்டில் தங்கினால் ஒரு சந்தேகம். உடுப்பில்லாமல் சேலையில் பார்த்தால் சந்தேகமே இல்லை. ஒருத்தரும் நேராகக் கேட்கவில்லை. "ஒடம்புக்கு முடியலையா சிஸ்டர்?" என்று ஒருத்தி வந்தாள். "மதரோட எதுவும் சடவா?" என்று இன்னொருத்தி. ஓய்வாண்டு என்று அக்கா பொறுமையாக விளக்கினாள். கேட்டவள் தலையை ஆட்டிவிட்டு, "அப்ப பென்சன் வருமா?" என்றாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பே, வெட்கமில்லாமல் சிரிக்கிறாள் என்று தெருக்கோடிக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் மகளுக்குத் திண்டுக்கல்லில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தால் சொல்லலாம் என்று அறிவிப்பார்கள். முதல் ஓலைக்கு முன்பே மாப்பிள்ளை வீட்டிலிருந்து கேள்வி வந்தது. "பொண்ணோட அத்த மடத்துல இருந்து ஓடியாந்துட்டாகளாமே?"

மதினி சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அண்ணன் அக்காவிடம் இனி உடுப்பைப் போட்டுக்கொண்டே இருங்கள் என்றார். அவள் மறுபேச்சு பேசாமல் போட்டுக்கொண்டாள். கோயிலில் பார்த்தவர்கள், இப்போது வேசம் கட்டுகிறாள் என்றார்கள். விஷயம் தெரிந்து நான் திண்டுக்கல்லில் என் புகுந்த வீட்டிலிருந்து பஸ் ஏறிப் போய் அண்ணனோடு மல்லுக்கு நின்றேன்.

"மாப்பிள்ள வீட்டுல போயி உள்ளதச் சொல்லுங்கண்ணே. மடத்துல கேட்டுக்கச் சொல்லுங்க."

"அம்புட்டுப் பேருக்கும் நான் போயி வெளக்கிக்கிட்டு இருக்க முடியுமா? பொம்பளப் பிள்ளயப் பெத்தவன் நான். ஒனக்கு என்ன, பேசிட்டுப் போயிருவ."

அவரை முழுக்கக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆசைதான். முடியவில்லை, பயந்த மனிதர். ஆனால் பயந்தவர்கள் செய்கிற காரியத்துக்கு ஈவிரக்கம் இருப்பதில்லை. என் வீட்டுக்கு வந்துவிடு என்று அக்காவைக் கூப்பிட்டேன். "அங்கயும் நான் விருந்தாளிதானத்தா. விருந்தாளியா இருந்து இருந்து சலிச்சுப் போச்சு" என்றாள். மறுநாள் அண்ணன் எங்கள் கோயில் பங்குச்சாமியைப் பார்க்க, பங்குச்சாமி மதரிடம் பேச, மதர் அக்காவை அழைத்தார். "உங்களால மக்களோட விசுவாசத்துக்கு இடறல் வரக் கூடாது சிஸ்டர்." அவ்வளவுதான். பொய் சொன்ன ஊருக்கு இடறல் வந்துவிடுமாம், அதனால் உண்மையாக இருந்தவள் கிளம்ப வேண்டுமாம். வேதத்தில் எந்தப் பக்கத்தில் இது இருக்கிறது என்று இன்றுவரை எனக்கு யாரும் காட்டவில்லை.

இரண்டு மாதம்கூட முழுதாக இருக்கவில்லை. மிச்ச நாட்களுக்கு மலைமேல் ஒரு தியான இல்லத்துக்கு அனுப்பினார்கள். அங்கே மணி உண்டு, அட்டவணை உண்டு. ஒரு நாள் எல்லாருக்கும் வண்ணப் பென்சில் கொடுத்து, பிறந்த வீட்டை வரைந்து அதன் முன் அமைதியாக உட்காருங்கள் என்றார்களாம். அக்கா திராட்சைப் பந்தலை வரைந்தாளாம். "நல்லா வந்துச்சுடீ" என்று போனில் சொன்னாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

கல்யாணத்துக்கு அவளை முறையாக அழைத்தார்கள். கஞ்சி போட்ட உடுப்பில் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அவளிடம் நெற்றியில் சிலுவை வாங்கிக்கொண்டு, "எங்களுக்காக வேண்டிக்கங்க சிஸ்டர்" என்றார். அடுத்த வருடம் அக்கா எனக்குப் போன் செய்தாள். "வெளிய வந்துட்டேன்த்தா. இப்ப நெசமாவே."

வீட்டுக்கு வரவில்லை. எந்த வீட்டுக்கு வருவாள்? பழனிப் பக்கம் பாலசமுத்திரத்தில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து, அங்கே ஒரு சின்னப் பள்ளியில் பாடம் நடத்துகிறாள். நான் தேடிப் போன அன்று பக்கத்து வீட்டுப் பெண், "ஏனுங்க, டீச்சரோட தங்கச்சிங்களா?" என்று கேட்டுவிட்டு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். நரை கூடியிருந்தது. "விட்டுப்போன ஆறு மாசத்த இப்பத்தான் எடுத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

"ஆண்டவர் தட்டுப்பட்டாரா?" என்றேன்.

"சில நாளு வாராரு. அன்னைக்குச் சோத்துக்கு வெஞ்சனம் கொஞ்சம் கூட வெப்பேன்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வராத நாட்களைப் பற்றி நான் கேட்கவில்லை.

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னவள் நான்தான். அவர் ஊரில் சொன்னது வேறு. சிஸ்டர் ஆப்பிரிக்காவில் மிஷனில் இருக்கிறார்கள், இப்போதைக்கு வர முடியாது. உண்மையாக மடத்தில் இருந்தபோது நம்பாத ஊர், இதை ஒரே வாயில் நம்பியது. போன திருவிழாவில் புதிதாக வந்த பங்குச்சாமி, இந்தப் பங்கிலிருந்து இறைப்பணிக்குப் பிள்ளைகளைக் கொடுத்த குடும்பங்களைக் கூப்பிட்டு மரியாதை செய்தார். அக்கா பெயரையும் வாசித்தார். அண்ணன் எழுந்து போய்ப் பொன்னாடையை வாங்கிக்கொண்டார். கை தட்டினார்கள்.

மத்தியானம் வீட்டில் பிரியாணி. மகள் வயிற்றுப் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு மதினி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். "இவளயும் மடத்துக்குத்தான் நேந்திருக்கேன். ஒருத்தியக் குடுத்தோம், ஆண்டவர் நம்மள ஒரு கொறயும் இல்லாமதான வச்சிருக்காரு."

"நல்லாக் குடுங்க மதினி" என்றேன். "ஆனா அவ ஒரு நா திரும்பி வந்தா படுக்க ஒரு பாயையும் இப்பவே நேந்து வச்சிருங்க."

அண்ணன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். மதினி குழந்தைக்குப் பால் ஆற்ற எழுந்து போனார்.