இருபத்து மூன்றாவது உச்சி

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை போகும் பேருந்து பதினொன்றாவது வளைவில் திரும்பியபோது பக்கத்து இருக்கைக்காரர் என் தோள்பையின் மேல் வாந்தி எடுத்தார். வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்ததால் எந்த வளைவு என்று இன்றும் சொல்ல முடிகிறது. பேருந்து முழுக்கப் பூண்டு ஏற்றி இறக்கிய காலிச் சாக்குகள். அந்த வாடையில் யாருக்குத்தான் குமட்டாது. ஆனால் எனக்கும்தான் குமட்டியது, நான் யார் பையிலும் எடுக்கவில்லை.

"மன்னிச்சுக்கங்க சார். காலையில பொங்கலு கொஞ்சம் சாஸ்தியாப் போச்சு" என்றார். என் செய்தித்தாளையே கேட்டு வாங்கி என் பையைத் துடைத்தார். துடைத்த தாளை நாலாக மடித்து மரியாதையாக என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

அந்தப் பையில்தான் நான்கு நாள் சாப்பாடு இருந்தது.

இது 1979 செப்டம்பர், காலாண்டு விடுமுறை. கொடைக்கானலில் மிஷன் பள்ளியொன்றில் நான் கணக்கு வாத்தியார். வயது நாற்பத்தொன்பது. பூம்பாறைக்கு மேற்கே, பெயர் உள்ள மலையுச்சிகள் அத்தனையிலும் ஏறிவிடுவது என்று எட்டு வருடங்களுக்கு முன்பு முடிவு செய்திருந்தேன். ஏரிக்கரைப் பள்ளியின் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கூடாரமும் சமையல்காரரும் சகிதமாகக் கூட்டம் கூட்டமாய்ப் போவார்கள். எங்கள் பள்ளி ஆசிரியர்கள் ஏரியைச் சுற்றுவதோடு சரி. நான் தனியாகத்தான் போவேன். கூட ஆள் வந்தால் பேசுவான். பேசினால் காலடி எண்ணிக்கை தவறிவிடும். நூறு அடிக்கு ஒரு தீக்குச்சியை வலது சட்டைப்பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவது என் வழக்கம்.

எந்தெந்த உச்சிகள் என்பதற்கு நானே ஒரு பட்டியல் தயாரித்தேன். வரைபடம் கேட்டால் போலீஸ் விசாரிக்கும் காலம் அது. பூம்பாறைக்காரர்களை டீக்கடையில் கேட்டேன். மலைக்கு மேற்குப் பக்கத்துக் கவுஞ்சி, மன்னவனூர்க்காரர்களை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கேட்டேன். சொன்ன பெயர்களை எல்லாம் எழுதி, ஒரே பெயர் இரண்டு முறை வந்திருந்தால் அடித்துவிட்டு, கூட்டினேன். இருபத்து மூன்று வந்தது. எட்டு வருடத்தில் இருபது ஏறியாகிவிட்டது. மிச்சம் மூன்று.

ஆசிரியர் அறையில் இதற்குக் கிடைத்த மரியாதையைச் சொல்ல வேண்டும். டிராயிங் மாஸ்டர் தினமும் ஆரம்பிப்பார். "கணக்கு சாருக்கு மலை மேல ஏதோ சோலி இருக்கு. ஒண்ணு புதையலு, இல்லாட்டி தொடுப்பு." அறை முழுக்கச் சிரிக்கும். எட்டு வருடம் அதே வேடிக்கை, அதே சிரிப்பு. முட்டியில் நீர் கோத்து, இனி மலை ஏறினால் நடையே போய்விடும் என்று டாக்டர் சொன்ன பிறகு, நான் தலைமையாசிரியரிடம் போய் நானாகவே கேட்டேன்: இந்த விடுமுறையில் இருபத்து மூன்றையும் முடித்துவிடுவேன், பள்ளி திறக்கும் திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனையில் அதை எல்லார் முன்னாலும் அறிவிக்க வேண்டும் என்று. கேட்டு வாங்குவதில் எனக்கு வெட்கம் இருந்தது. இருந்தும் கேட்டேன். அந்த அறைக்காரர்கள் ஒருமுறையாவது வாயை மூட வேண்டும், எனக்கு அது போதும்.

"ஷ்யூர் சார், முடிச்சுட்டு வாங்க" என்றார் தலைமையாசிரியர், தபாலைப் பிரித்துக்கொண்டே.

முதல் நாள் அட்டைகள். சோலைக்குள் கால் வைத்ததிலிருந்து வெளியே வரும்வரை முப்பத்தேழு. புகையிலைத் தண்ணீரில் ஊற வைத்த காலுறையெல்லாம் அவற்றுக்குப் பொருட்டே இல்லை. ஒன்று காதுக்குப் பின்னால் ஏறி, பருத்து, தானாகவே கழன்று சட்டைக் காலருக்குள் விழுந்தது. எடுக்கக் கை விட்டபோது விரலில் நசுங்கியது. அது என் இரத்தம்தான் என்று தேற்றிக்கொண்டதில் அருவருப்பு குறையவில்லை, கூடியது.

இருபத்தொன்றாவது உச்சியில் ஒன்பது சாராயப் பாட்டில்கள் கிடந்தன. இரண்டு உடைந்திருந்தன. பட்டைக்காக வளர்க்கும் வாட்டில் மரத்தை வெட்ட வந்த காண்டிராக்டர் கூட்டம் அங்கே விருந்து வைத்திருக்கிறது. கோழி இறகு, எலும்பு, பாறை இடுக்கில் வேறு சில காரியங்கள். எட்டாயிரம் அடிக்குச் சற்றுக் குறைந்த உயரம், மூன்று பக்கமும் காடு, இறங்கிப் போக எத்தனையோ புதர். பாறை மேலேயேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். காற்று வாட்டமாக இருந்தது போலும். மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றேன். உச்சியில் ஐந்து நிமிடம் நிற்பது என் விதி. அந்த ஒரு இடத்தில் மட்டும் விதியை மீறினேன்.

அன்று இராத்தங்கல் அந்த மரம் வெட்டுகிறவர்களின் தகரக் கொட்டகையில். கொட்டகைக்காரர் நல்ல மனிதர், கம்பளி கொடுத்தார். அந்தக் கம்பளியில் இருந்த மூட்டைப்பூச்சிகளுக்கு நான் அட்டைகளோடேயே படுத்திருக்கலாம்.

இரண்டாம் நாள் நடந்ததைச் சாப்பிடும் நேரத்தில் படிக்காதீர்கள். இருபத்திரண்டாவது உச்சிக்கு ஏறும் வழியில் ஓர் ஓடை. பளிங்கு மாதிரித் தண்ணீர். குப்புறப் படுத்து வாயை வைத்துக் குடித்தேன். பதினாறு மடக்கு. முகம் கழுவி, எழுந்து, ஓடையை ஒட்டியே நாற்பத்திரண்டு அடி ஏறினேன். அங்கே தண்ணீருக்குக் குறுக்கே ஒரு மிளா மான் செத்துக் கிடந்தது. செத்து ஒரு வாரம் இருக்கும். வயிறு வெடித்து, அதன் வழியாகத்தான் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. நான் மண்டியிட்டு விரலை விட்டு வாந்தி எடுத்தேன். வந்தது நாலு மடக்குதான். பாக்கிப் பன்னிரண்டும் உள்ளேயே இருந்துவிட்டது. அந்தப் பேருந்துக்காரரை அப்போது நினைத்துக்கொண்டேன்; அவர் ஒன்றும் அவ்வளவு மோசமானவராகத் தோன்றவில்லை. இருபத்திரண்டாவதில் ஏறி, ஐந்து நிமிடம் நின்று இறங்கினேன்.

மூன்றாம் நாள் காய்ச்சலும் வயிற்றோட்டமும். ஒரு பாறைக்கடியில் நாள் முழுக்கக் கிடந்தேன். எத்தனை முறை எழுந்து போனேன் என்பதும் என் குறிப்பேட்டில் இருக்கிறது. இங்கே வேண்டாம். புளிச்சோறு நூலாய்ப் போய்விட்டிருந்தது. திரும்பிவிடலாம் என்று பத்துத் தடவையாவது நினைத்திருப்பேன். திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள். டிராயிங் மாஸ்டரின் முகத்தை நினைத்தேன். அந்த நினைப்புத்தான் என்னைக் கிளப்பியது. பக்தியோ, இயற்கை அழகோ, வேறெந்த மேலான காரணமோ இல்லை.

நான்காம் நாள் வெள்ளனே புறப்பட்டேன். கடைசி உச்சியின் பெயர் எருமைத்தலை, கவுஞ்சிக்காரர்கள் கொடுத்த பெயர். மேற்கிலிருந்து பார்த்தால் பெயர் பொருத்தம்தான். தாழ்ந்த நெற்றி, இரண்டு பக்கமும் கொம்பு மாதிரிப் பாறைகள். ஒரு முட்டியை மடக்க முடியாமல், பல இடங்களில் உட்கார்ந்தபடியே பின்பக்கத்தால் நகர்ந்து ஏறினேன். நாற்பத்தோரு தீக்குச்சி மாறியது. மேலே போனதும் ஒரு சமதளப் பாறை, நடுவில் யாரோ குவித்த கற்கள். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மகிழ்ச்சி வரும் என்று காத்திருந்தேன்.

கற்குவியலின் அடியில் கண்ணாடி மின்னியது.

இங்கேயுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடிகாரப் பயல்கள் ஓர் உச்சியைக்கூட விட்டு வைப்பதில்லை. செருப்புக் காலால் எத்தினேன். உருண்டு வந்து நின்றது. சிறிய சதுர பாட்டில். சாராய பாட்டில் இல்லை. ஓரம் உடைந்த மூடியைச் சுற்றி மெழுகு. அடியில் நீலக் கறை.

இங்க் பாட்டில். நான் பள்ளிப் பதிவேட்டில் எழுதப் பயன்படுத்தும் அதே இங்க்.

ஏறிய ஒவ்வோர் உச்சியிலும் ஒரு காலி இங்க் பாட்டிலுக்குள் சீட்டு எழுதிப் போட்டு, மெழுகால் அடைத்து வைத்துவிட்டு வருவேன். அன்றைக்கும் பையில் ஒன்று தயாராக இருந்தது. மூடியைத் திருகினேன். உள்ளிருந்து ஒரு பூரான் வெளியே வந்து மணிக்கட்டில் ஏறியது, உதறினேன். சீட்டில் பாதி அரித்துப் போயிருந்தது. மிச்சத்தைப் படிக்கும் அவசியமே இல்லை, கையெழுத்து என்னுடையது. "14. சட்டிக்கவிழ்த்தான். ஒரே மூடுபனி. எதுவும் தெரியவில்லை."

நாலு வருடத்துக்கு முன்பு கிழக்கே பூம்பாறைப் பக்கமிருந்து ஏறியது. அன்று என் கையே எனக்குத் தெரியாத பனி. கவிழ்த்த சட்டி மாதிரி மலை என்று பூம்பாறைக்காரர்கள் சொன்னதை நம்பி ஏறி, தடவித் தடவி, பாட்டிலை வைத்துவிட்டு இறங்கினேன். இப்போது கிழக்குச் சரிவை எட்டிப் பார்த்தேன். கவிழ்த்த சட்டிதான். அதன் முதுகில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

நான் இரண்டாவது பாட்டிலை வைக்கவில்லை. முதல் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். ஐந்து நிமிடம் நின்றேனா என்று நினைவில்லை. என் வாழ்க்கையில் நான் எண்ணாத ஐந்து நிமிடம் அது.

கவுஞ்சிக்கு மேலே புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், என் கோலத்தைப் பார்த்து அரிவாளோடு நிமிர்ந்தாள். முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும்.

"என்னங்க, காட்டுமாடு முட்டிருச்சா?"

"இல்லம்மா. இந்த மலைக்குப் பேரு என்ன?"

"எருமத்தலைங்க."

"பூம்பாறையில இதை என்னன்னு சொல்லுவாங்க?"

"சட்டிக்கவுத்தான். எனக்குப் பொறந்த ஊரே பூம்பாறதானுங்க. கட்டிக் குடுத்து இங்கிட்டு வந்தா எருமத்தலங்கிறாக."

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அங்கிட்டு நான் மக, இங்கிட்டு மருமக. அதுக்காக நான் ரெண்டு பொம்பளையா? ரெண்டு மலைன்னு ஒங்களுக்கு யாருங்க சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. எட்டு வருடத்தில் நான் பூம்பாறைக்காரரிடம் கவுஞ்சிப் பெயரைக் கேட்டதில்லை, கவுஞ்சிக்காரரிடம் பூம்பாறைப் பெயரைக் கேட்டதில்லை. இரண்டு ஊர்ப் பெயர்களையும் எடுத்துக் கூட்டல் போட்டேன், அவ்வளவுதான். இன்னொரு மலையில் ஏறிக் கணக்கை நேராக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. நான் ஏற வேண்டிய இருபத்து மூன்றாவது மலை எந்தப் பக்கத்திலும் இல்லை.

திரும்பும் பேருந்தில் முடிவு செய்துவிட்டேன். இருபத்து மூன்று என்றே சொல்வது. யார் போய் எண்ணப் போகிறார்கள்? பாதி அரித்த சீட்டு என் பையில். அந்தப் பெண் கொடைக்கானலுக்கு வந்து பிரார்த்தனைக் கூட்டத்தில் கை தூக்கப் போவதில்லை. எட்டு வருடம், ஒரு முட்டி, பன்னிரண்டு மடக்கு மிளாத் தண்ணீர். ஓர் எண் கூடினால் என்ன? இப்படி யோசிக்க எனக்கு வந்ததே என்று இப்போது அருவருக்கிறது. அப்போது நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். டிராயிங் மாஸ்டரும் இருந்தார். சுவரில் சாய்த்து ஒரு பலகை, மூன்றடிக்கு இரண்டடி. கறுப்பு வர்ணத்தின் மேல் வெள்ளை எழுத்து. என் பெயர், கீழே "23 சிகரங்கள்". விடுமுறையில் டிராயிங் மாஸ்டரே எழுதியிருக்கிறார். நான் வராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டேன். "நடுவுல ஒரு கோடு போட்டு, ஸ்கோர் போர்டு ஆக்கிருப்பேன்" என்றார்.

பலகையைப் பார்த்தேன். பொய் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை, சொல்லத் தயாராகத்தான் வந்திருந்தேன். ஆனால் தப்பான எண் சுவரில் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு அதன் கீழே தினமும் நடக்க என்னால் முடியாது.

"இருபத்திரண்டு" என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சார், பெல் அடிக்க அஞ்சு நிமிஷம் இருக்கு. ட்வென்டி டூவோ த்ரீயோ, பசங்களுக்கு என்ன தெரியப் போவுது? ரவுண்டா விடுங்க."

ரவுண்டாக விடுவதாம்! இருபத்து மூன்று எந்தக் கணக்கில் ரவுண்டு? இப்படிப்பட்டவரின் கீழே பதினெட்டு வருடம் வேலை பார்த்திருக்கிறேன்.

டிராயிங் மாஸ்டர் சிரிக்கவில்லை. பலகை முன்னால் குந்தி உட்கார்ந்தார். "ஆக, ஒரே மலையில ரெண்டு வாட்டி ஏறிருக்கீங்க."

"ஆமாம்."

"பாட்டிலு நெசந்தானா?"

மேசை மேல் எடுத்து வைத்தேன். நீலக் கறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சொல்லாம விட்டிருந்தா எவனுக்குய்யா தெரியும்?" என்றார். எட்டு வருடத்தில் அவர் என்னை 'சார்' போடாமல் கூப்பிட்டது அன்றுதான். பிறகு தன் அறைக்குப் போய்க் கறுப்பும் வெள்ளையும் கொண்டு வந்தார். மூன்றைக் கறுப்பால் அடைத்து, காய விடாமல் மேலேயே ஓர் இரண்டு போட்டார். மணி அடித்துவிட்டது. ஈரத்தோடு தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பிரார்த்தனை முடிந்ததும் தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பாமலேயே "ட்வென்டி த்ரீ பீக்ஸ்!" என்று அறிவித்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆசிரியர் வரிசை வாயை மூடிக்கொண்டிருந்ததா என்று நான் பார்க்கவில்லை, பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எண் சரியாக இருந்தது. ஆனால் அவசரத்தில் போட்ட இரண்டாவது இரண்டு முதல் இரண்டைவிடக் கால் அங்குலம் பெரிது. அதன் வாலிலிருந்து வெள்ளை வர்ணம் என் பெயரின் பக்கமாக ஒழுகிக்கொண்டிருந்தது.