கட்டிலுக்கும் கதிரைக்கும் ஐந்து அடி

சிவபாதம் ஐயா போய்விட்டார் என்று லண்டனிலிருந்து அவருடைய மகள் சொன்னபோது, தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். "மாரடைப்பு, அன்ரி. நான் வேலையில நிண்டனான். போய்ச் சேரமுன்னம் முடிஞ்சுது" என்றாள். குடலில் ஒன்றுமில்லையே என்றுதான் முதலில் கேட்டேன். இத்தனை வருடமும் அதற்குத்தானே பயந்துகொண்டிருந்தேன்.

எங்கள் மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் அவர் கையால் மருந்து வாங்காத தொழிலாளர் லயம் கிடையாது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த டிஸ்பென்சர் அவர், நான் மருத்துவிச்சி. தொண்ணூறுகளில் கொழுந்து பறிக்கும் முத்தம்மாவுக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. ஐயாதான் தோட்ட லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆப்பரேசன் படிவத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லாமலே கைநாட்டு வாங்கினார்.

"ஐயா, வெட்டுறப்ப பக்கத்துல நிப்பீங்களா?"

"நிப்பன், பயப்பிடாத" என்றவர் அதே லொறியில் திரும்பிவிட்டார். இங்கே நோயாளிகள் காத்திருந்தார்கள். பிழைத்து வந்த முத்தம்மா, "கண்ண தொறந்தேன், நீங்க இல்லீங்களே" என்றாள்.

ஓய்வுபெற்று மகளிடம் போனவருக்குக் குடலில் புற்றுநோய். ஒருநாள் போனில் அவர் குரல் நடுங்கியது. "மெஷின் கையால வெட்டுறதோ, வழமையான மாதிரி வெட்டுறதோ, எது பத்திரம் எண்டு டொக்டர்மாருக்கே தெரியாதாம் தங்கச்சி. அதைப் பாக்கத்தான் ஒரு ஆராய்ச்சிக்கு ஆக்களைச் சேர்க்கிறாங்கள். யாருக்கு எது எண்டு கம்ப்யூட்டர்தான் சொல்லுமாம். காலையில வேலை பிரிச்சு விடுற எங்கட பெரட்டுக்களம் மாதிரித்தான், எந்த மலைக்கு அனுப்பினாலும் போகவேணும்."

"வெளையாட்டாங்க ஐயா? கையெழுத்துப் போடாதீங்க!" என்று கத்தினேன். குடலைச் சேர்த்துத் தைத்த இடம் கசிந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

அடுத்த முறை பேசியபோது குரல் தெளிந்திருந்தது. மெஷினை ஓட்டும் டொக்டர் அறை மூலையில் ஒரு கதிரையில் உட்கார்ந்துதான் அதை ஓட்டுவாராம். "அது நிண்டுபோனா எனக்குப் பக்கத்தில வர எவ்வளவு நேரம் எண்டு கேட்டன். மனுசன் சிரிக்கேல்ல. என்னை அந்த அறைக்குக் கூட்டிப்போய் நடந்து காட்டினார். அஞ்சு அடி, தங்கச்சி."

கையெழுத்துப் போட்டார். அவருக்கு மெஷின் என்றுதான் கம்ப்யூட்டர் சொன்னது. பிழைத்தார். பிறகு அந்த ஆராய்ச்சிக்காரர்கள் அனுப்பிய கேள்வித்தாள்களில், வெளியே சொல்லக் கூசும் விஷயங்களைக்கூட ஒளிக்காமல் எழுதினார். "பொய் எழுதினா அடுத்த ஆளின்ர தலையில விடியும்" என்பார்.

நேற்று முத்தம்மாவிடம் போய்ச் சொன்னேன். "கடைசில ஐயா பக்கத்துல யாரு நின்னாங்க?" என்று கேட்டாள்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது, பக்கத்தில் யாரும் இல்லாமல் போய்விடுமோ என்ற இந்தப் பயம்தான். நாளைக்கு அந்தப் பிள்ளைத்தாய்ச்சியை டவுனுக்கு ஆப்பரேசனுக்கு அனுப்புகிறோம். நானும் வண்டியில் ஏறுகிறேன். அவள் கண் திறக்கும்போது அங்கே இருப்பேன்.