பதினெட்டாவது மாடிக் கறிவேப்பிலை

என் சித்தப்பாவுக்கு இலையில் ஓட்டை அளப்பதுதான் வேலை. கேட்டால் சிரிப்பீர்கள், எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள். கல்லூரி ஆராய்ச்சிக்காக டார்ஜிலிங் மலையில் அடிவாரம் முதல் உச்சிவரை ஒரே சாதி மரத்தின் இலைகளைப் பறித்து, பழைய வங்காளிப் பேப்பரில் அடுக்கி, வங்காளத் தலைநகரின் கார்டன் ரீச்சில் இருந்த எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுவருவார். கட்டம் போட்ட தாளில் இலையை வைத்து, பூச்சி தின்ற இடத்தை நானும் அவரும் அளப்போம்.

அடிவாரத்து இலை சல்லடையாக இருக்கும். மேலே போகப் போக ஓட்டை குறையும். "குளிருக்குப் பயந்து பூச்சி மேல ஏறலையா, இல்ல அங்க உள்ள இலையே கசந்து தடிச்சுப் பூச்சியை விரட்டுதா? அதான் பிடிபடலை" என்பார். ஒன்பது வயதில் அந்தக் கேள்வி என்னைப் பேயாய்ப் பிடித்துக்கொண்டது. சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். சோறு நன்றாகவே இறங்கியது, புத்திதான் மலையேறிவிட்டது.

எங்களுக்குப் பக்கத்தில் மலை ஏது? ஆனால் நகரத்தின் மறுகோடியில், நியூ டவுனில் அத்தை இருந்தாள், அப்பாவின் அக்கா. மாமா காலமானபின் மகன் அவளுக்குப் பதினெட்டாவது மாடியில் ஃப்ளாட் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கனடாவுக்குப் போய்விட்டான். பால்கனித் தொட்டியில் அவளுக்கு ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தது. எங்கள் வாசல் செடியின் கன்றுதான் அது. எங்கள் செடியைப் புழு மொட்டையடித்துக்கொண்டே இருக்கும். அத்தையின் இலையில் ஒரு பொத்தல் கிடையாது. அதைச் சொல்லிச் சொல்லி அம்மாவிடம் ஒரு கொத்தை நீட்டும்போது அத்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"அந்த இலை கசக்குமா சித்தப்பா, இல்ல பூச்சிதான் ஏறலையா?" என்று நச்சரித்தேன்.

"புழுவைத்தான் கேக்கணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் செடியின் பச்சைப் புழுக்களை டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். சீண்டினால் அவை தலையில் ஆரஞ்சுக் கொம்பு நீட்டி நாற்றமடிக்கும். பக்கத்து சீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, டப்பாவில் என்ன என்று வங்காள மொழியில் கேட்டார். கறிவேப்பிலை என்றேன். பாதி உண்மைதானே.

அத்தை அசரவில்லை. "விட்டுத்தான் பாரேன்ல! என் செடிகிட்ட ஒரு பூச்சியோட பாச்சாவும் பலிக்காது" என்று தம்பிக்குச் சவால் விட்டாள்.

புழுக்கள் யோசிக்கவே இல்லை. முதல் பந்தியில் இடம் கிடைத்தவர்கள் மாதிரி தின்றன. "கசப்புமில்ல, ஒண்ணுமில்ல. இவ்வளவு உசரத்துக்கு எதுவும் வந்ததில்ல, அவ்வளவுதான்" என்றார் சித்தப்பா. இதை வைத்து மலையைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது என்றும் சேர்த்துக்கொண்டார். அது என் காதில் ஏறவில்லை.

அடுத்த ஞாயிறு போனால் செடி வெறும் குச்சி. அத்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கப்போகிறாள் என்று நடுங்கினேன். அவளோ நம்மூர்க் காய்கறி கிடைக்கும் லேக் மார்க்கெட்வரை போய்க் கறிவேப்பிலை வாங்கிவந்து புழுக்களுக்கு வைத்திருந்தாள்! எங்களுக்கு ஊற்றிய ரசத்தில் ஒரு இலைகூட இல்லை. "இதெல்லாம் பட்டாம்பூச்சியாகிப் பறந்திரும்லா? அடுத்த வாரம் வேற கொண்டாங்கட்டி" என்றாள்.

அப்புறம் ஞாயிறுதோறும் புழுவோடு போனோம். செடி துளிர்ப்பதும் மொட்டையாவதுமாக இருந்தது. அத்தைக்கு ஆராய்ச்சிப் பித்து பிடித்துவிட்டதென்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தேன். சந்தோஷமாக இருந்தது எனக்கு.

மழைக்காலத்தில் அப்பா எங்கள் செடிக்கு மருந்தடித்துவிட்டார். அந்த ஞாயிறு மத்தியானம் ஃபோன் வந்தது.

"என்னட்டி, இன்னும் ஆளைக் காணும்? சொதி வச்சிருக்கேன்."

"புழு இல்ல அத்தை. அப்பா மருந்தடிச்சிட்டாங்க. அதான் வரலை."



"புழு இல்லன்னா நீ வரக் கூடாதாட்டி?"

இவ்வளவு ஆராய்ச்சி செய்தவளுக்கு இதுகூடப் புரியவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பொறுமையாகவே எடுத்துச் சொன்னேன்:

"புழு இல்லாம அங்க வந்து என்ன அத்தை செய்யறது?"