தழை போட்ட வழி

என் மாமனார் வீட்டில் எந்த வண்டி வாங்கினாலும் பனமரத்துப்பட்டிப் பக்கம் மலைமேல் இருக்கும் குலசாமிக்குக் காட்டியாக வேண்டும். லாரி வாங்கினால் சாவியைக் கொண்டுபோய் வைத்தால் போதும். சைக்கிள் என்றால் மட்டும் வண்டியே மலை ஏற வேண்டுமாம். என்ன நியாயமோ!

எண்பதுகளின் தொடக்கம். பக்கத்து ஊர்ப் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்திருந்தது. பஸ் கிடையாது என்று என் அப்பா லேடீஸ் சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். மருமகள் சைக்கிளில் போனால் ஊர் சிரிக்கும் என்று மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். சைக்கிள் இல்லையென்றால் வேலையும் இல்லை. என் வீட்டுக்காரரோ அம்மாவுக்கும் தலையாட்டுவார், எனக்கும் தலையாட்டுவார். இருவரும் ஆளுக்கொரு சைக்கிளை மலைமேல் தள்ளிக்கொண்டு போய்ப் பூசையை முடித்த பிறகு ஒரு வழியாக வாயைத் திறந்தார்.

"கால் ஊனாம கீழ வரைக்கும் ஓட்டிட்டு வந்துரு அம்மிணி. அப்பறம் அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

"சத்தியமாங்க மாமா?"

"சத்தியமா. வழி பிரியற எடத்துல தழை போட்டு வெக்கறேன்."

தன் பழைய சைக்கிளில் முன்னால் போய்விட்டார். முன்னே போகிறவர் ஒரு கொத்துத் தழையை ஒடித்துப் போட்டுக் கல் வைத்துவிட்டுப் போனால், பின்னால் வருகிறவர்கள் அந்த வழியில் வர வேண்டும். நான் பிறந்த எடப்பாடிப் பக்கம் இது குழந்தைக்கும் தெரியும்.

வழி பிரிந்தது. இடப்பக்கம் தழை கிடந்தது. திரும்பினேன். ஐயோ, அதெல்லாம் ஒரு வழியா! உருளும் கல், வேர், மழை அரித்த பள்ளம். சீட்டில் உட்கார முடியவில்லை. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை எரிந்தது. ஒரு வளைவில் மரங்கள் விலக, பனமரத்துப்பட்டி ஏரி முழுசாகக் கீழே தெரிந்தது. வெயிலில் தண்ணீர் அப்படி மின்னியது. பார்த்தால் விழுவேன் என்று தெரிந்தும், மனுஷனைத் திட்டிக்கொண்டே பார்த்தேன். கால் மட்டும் ஊன்றவில்லை.

அடிவாரத்தில் அவர் இல்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. பொழுது சாயும் நேரத்தில் மலையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். சைக்கிளை எங்கேயோ போட்டுவிட்டிருந்தார், சட்டை கிழிந்திருந்தது, கண்ணெல்லாம் சிவப்பு.

"ஏம்புள்ள இந்த வழில வந்தே? தழை போட்டிருந்தனே, பாக்கலியா?"

"பாத்துத்தானுங்க வந்தேன்!"

"தழை போட்டா அங்க போகக்கூடாதுன்னு அர்த்தம். எங்கூர்ல அப்படித்தான்."

யாரைக் கோபித்துக்கொள்வது என்றே புரியவில்லை. என் கையைப் பிடித்தார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"கால் ஊனுனியா?"

"இல்லீங்க."

வீட்டுக்கு வந்ததும், அண்ணியான என்னை நங்கை என்று கூப்பிடும் நாத்தனாரிடம் இந்தக் கூத்தைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"போகக்கூடாதுன்னா? நம்ம ஊர்லயும் தழை போட்ட வழிலதானுங்க போவாங்க, நங்கை."

உள்ளே மாமியாரிடம் அவர் எனக்காகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "அவ சைக்கிள்லதான் போவா. ஊர் சிரிச்சா சிரிக்கட்டும்." அவர் அம்மாவை எதிர்த்துப் பேசி அன்றுதான் கேட்டேன். நான் தோற்க வேண்டும் என்றுதான் அந்த வழியில் அனுப்பினாரா? அப்படியானால் சட்டை கிழிய எதற்கு ஓடி வந்தார்?

திங்கட்கிழமை அவரே சைக்கிளுக்குக் காற்றடித்துக் கொடுத்தார். பள்ளிக்கூடம் போனேன். இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்றுதான் பயம்.